இரண்டு பட்டமும் ஒரு ஹல்லரும்

நான் படித்த பொறியியல் கல்லூரியில் இந்த ஆண்டிலிருந்து ஒரு புதிய ஏற்பாடு. பொறியியல் படிக்கிறவர்கள் விரும்பினால் கூடவே பொருளாதாரமும் படித்து, இரண்டு பட்டத்தோடு வெளியே வரலாம். செய்தி காதில் விழுந்த அன்று எனக்கு உட்கார முடியவில்லை. திருநகர் வீட்டின் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "என்ன, உங்களுக்கே சீட்டு கிடைச்ச மாதிரி நடக்கீக" என்றாள் என் மனைவி. அப்படித்தான் இருந்தது. நான் சுவரேறிக் குதித்துப் போன தோட்டத்துக்கு இப்போது கதவு வைத்திருக்கிறார்கள்.

இப்படி இரண்டும் படித்தவர்களுக்கு என்ன எதிர்காலம் என்று ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். ஒரே சொல்லில் முடித்துவிடலாம்: ஏராளம். நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளிலேயே ஏராளம். இப்போது கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுத நான் எதற்கு? என் வேலைக்காலத்தில் நடந்த சிலவற்றைச் சொன்னால் உங்களுக்கு உதவும். அதில் மேலூர்க்காரர் ஒருவரின் அரிசி மில் நின்றுபோன கதையும் வரும். அந்த மில் நின்றதற்கு என் படிப்பு காரணம். படிப்பில் இருந்த குறை அல்ல, படிப்பேதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் படித்த கதை. இயந்திரப் பொறியியல் முடித்ததும் மதுரையிலேயே ஒரு நூற்பாலையில் ஷிப்ட் எஞ்சினியர் ஆனேன். நின்றுபோன இயந்திரத்தை இரவெல்லாம் கழற்றிப் பூட்டி, காலையில் ஓடவிட்டுப் பெருமையோடு நிற்பேன். மேலாளர் வந்து, பஞ்சு விலை ஏறிவிட்டது, அந்த இயந்திரத்தை நிறுத்துங்கள் என்பார். நல்ல இயந்திரத்தை ஏன் நிறுத்த வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. விளங்காததைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் பொருளாதாரப் புத்தகம் வாங்கினேன். தனித்தேர்வராக எழுதி முதுகலை முடித்தேன். உடன் வேலை பார்த்த நண்பர்களுக்கு ஒரே கேலி. "மாப்ள, இனிமே மோட்டாரு எரிஞ்சா நீ சரி பாப்பியா, இல்ல அது எரிஞ்சது நாட்டுக்கு லாபமா நட்டமான்னு சொல்லுவியா?" என்பார்கள். அப்பாவுக்கோ நான் ஒரு வேலையிலும் நிலைக்க மாட்டேன் என்ற கவலை. அவ்வளவுதான் என் படிப்புக் கதை.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் பழைய தொழிலை மாற்றுகிறவர்களுக்கும் திட்ட அறிக்கை தயாரித்துத் தரும் ஆலோசனை அலுவலகம் ஒன்று அப்போது மேலமாசி வீதியில் இருந்தது. கீழே பாத்திரக்கடை, மாடியில் நாங்கள். பேசும்போதெல்லாம் கீழே யாராவது ஒரு குடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் ஒரு மில்லோ பட்டறையோ வைக்கலாமா, எந்த அளவில் வைக்கலாம், வைத்தால் ஓடுமா என்பதை நாங்கள் எழுதித் தருவோம். அதை நம்பித்தான் அவர்கள் இறங்குவார்கள். இரண்டு பட்டம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னை எடுத்தார்கள்.

அலுவலகத் தலைவர் பாக்கியநாதன். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சர்க்கரை இல்லாத தேநீர். யாரையும் தவறு என்று சொல்லமாட்டார். தவறாக எழுதியிருந்தால், "அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்க" என்பார். அதிலேயே வியர்த்துவிடும். தொழில்நுட்பத்துக்கு மூத்தவர் ராமசுப்பு. வெற்றிலை போட்ட வாயோடு பம்பின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார். எனக்கு அவர் அண்ணன். நான் அவருக்குத் தம்பி.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். ஒவ்வொரு திட்ட அறிக்கையும் இரண்டு பாகம். முதல் பாகம் தொழில்நுட்பம்: என்ன இயந்திரம், எங்கே நிற்கும், எவ்வளவு தின்னும், என்ன தரும். இரண்டாவது பாகம் பொருளாதாரம்: யார் வாங்குவார்கள், இப்போது எங்கே வாங்குகிறார்கள், ஏன் நம்மிடம் வரவேண்டும். முதலாவதை எஞ்சினியர் எழுதுவார், இரண்டாவதைப் பொருளாதார அலுவலர் எழுதுவார். சனிக்கிழமை மதியம் இருவரும் பாக்கியநாதன் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பாகங்களை மாற்றிக்கொள்வார்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது. எஞ்சினியர் எழுதியதைப் பொருளாதாரக்காரர் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் எழுதியதை எஞ்சினியர். புரியாத இடத்தில் வாசிப்பவர் நின்றுவிட வேண்டும். நின்ற இடத்தில் எழுதியவர் விளக்க வேண்டும். வாசித்தவருக்குப் புரிந்தால்தான் அடுத்த வரி. பாக்கியநாதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நின்றால் மட்டும் கண்ணைத் திறந்து, "எங்க நின்னீங்க?" என்பார்.

நான் சேர்ந்த சமயத்தில் பொருளாதார அலுவலருக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. போடத் தேவை என்ன, இரண்டு பட்டக்காரன் வந்துவிட்டானே. இரண்டு பாகத்தையும் நானே எழுத ஆரம்பித்தேன். "ரெண்டையும் நீங்களே எழுதுனா யாரு யாருக்கு வாசிக்கிறது?" என்று பாக்கியநாதன் சிரித்தார். சனிக்கிழமை வாசிப்பு நின்றது. எனக்கு அது பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

எனக்கு அந்த நாட்கள் திருவிழா மாதிரி. காலையில் பஸ் ஏறினால் ஒரு நாள் தீப்பெட்டிக் கம்பெனி, ஒரு நாள் ஐஸ் பாக்டரி, ஒரு நாள் கல் உடைக்கும் இடம். எந்த இடத்துக்குப் போனாலும் எனக்கு இரண்டு காட்சி தெரியும். இயந்திரம் எங்கே மூச்சு வாங்குகிறது என்று ஒன்று. பணம் எங்கே மூச்சு வாங்குகிறது என்று இன்னொன்று. இரண்டும் ஒரே இடமாக இருக்கிற கணத்தில் உடம்பு சிலிர்க்கும். கப்பலூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறை. பம்புகளுக்கு இரும்பு உறை வார்த்துக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறவர்கள். ஆர்டர் முடிக்க முடியவில்லை, இன்னும் பெரிய உலை வேண்டும் என்று வந்தார்கள். போய் நின்று பார்த்தேன். உலை ஒழுங்காக வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வார்த்தவை முற்றத்தில் மலையாகக் கிடந்தன. பிசிறு தேய்த்து எடுக்கச் சாணை இயந்திரம் போதவில்லை. தேய்த்து அனுப்பினால்தான் அங்கே பணம் தருவார்கள். பெரிய உலை வைத்திருந்தால் மலை இன்னும் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். உலை வேண்டாம், சாணை வாங்குங்கள் என்று எழுதினேன். முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் சில மாதம் கழித்து ஒரு பலாப்பழத்தோடு மாடி ஏறி வந்தார். "உலை கேட்டுப் போனா சாணைக்கல்லக் குடுத்து அனுப்புன ஆளு இவருதாங்க" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். ராமசுப்பு பலாச்சுளையை வாயில் போட்டுக்கொண்டு என் முதுகில் தட்டினார். பாக்கியநாதன் அறிக்கையை மட்டும் இன்னொரு தடவை வாங்கிப் படித்தார். அவர் பாராட்டும் விதம் அது.

பிறகு மேலூர்.

அழகர்சாமி நெல் அரைக்கும் ஹல்லர் மில் ஒன்றின் முதலாளி. நெடுநெடுவென்று இருப்பார். மீசையில் எப்போதும் உமித்தூசி. சிரித்தால் தூசியும் உதிரும். மேலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குடும்பத்தார் அவரிடம் நெல் கொண்டுவருவார்கள். வீட்டிலேயே அவித்து, களத்தில் காயப்போட்டு, இரண்டு மூட்டையோ மூன்று மூட்டையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வேப்பமரத்தடியில் வந்த வரிசைப்படி சாக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தங்கள் முறை வந்ததும் தங்கள் நெல் இயந்திரத்தின் வாயில் விழுவதைப் பார்ப்பார்கள்; உடனே இந்தப் பக்கம் வந்து அரிசி கொட்டும் இடத்தில் கையை நீட்டுவார்கள். சூடான அரிசியை ஊதி, நாலு மணியைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டுவார்கள். உமியும் தவிடும் கலந்து வருவதை மாட்டுக்குக் கட்டிக்கொள்வார்கள். கூலியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தன் நெல் தன் கண் முன்னால் அரிசியாக வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம்.

அந்தக் காலத்தில் பழைய ஹல்லர்களை மாற்றி நவீன மில் வைக்கச் சொல்லி அரசாங்கமும் ஊக்கம் கொடுத்தது. ஹல்லர் நெல்லை இரும்போடு உரசித் தோலுரிக்கும்; அரிசி நிறைய உடையும். புதிய இயந்திரத்தில் ரப்பர் உருளைகள். நோகாமல் உரிக்கும், குருணை குறைவு, தவிடு சுத்தமாகத் தனியே வரும், எண்ணெய் ஆலைக்கு விற்கலாம். அழகர்சாமிக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் மாடிக்கு வந்தார். "எங்க பக்கத்துல முதல் மில்லு என் மில்லா இருக்கணும் சார்" என்றார்.

அவரை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு நவீன மில்லைப் பார்க்கப் போனேன். நாங்கள் இருவரும் அன்று சின்னப்பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டோம். ஏற்றம் என்கிற, வாளிகள் கோத்த நாடா ஒன்று நெல்லை அள்ளிக்கொண்டு கூரை வரை ஏறுகிறது. அங்கிருந்து சல்லடை, உருளை, மறுபடியும் ஏற்றம், மறுபடியும் சல்லடை. கை படாமல் முத்து முத்தாக அரிசி கொட்டுகிறது. அழகர்சாமி அதைக் கையில் ஏந்தி, ஒரு மணி கூட உடையவில்லை என்று என்னிடம் காட்டிக்காட்டிச் சிரித்தார். நானும் அந்த இயந்திரத்தின் மேல் மோகம் கொண்டுவிட்டேன். நிச்சயமாகச் சொல்கிறேன், வேறு சொல் அதற்கு இல்லை.

ஆனால் அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். காலையில் இயந்திரத்தை ஓடவிட்டபிறகு வெகுநேரம் அரிசியே வரவில்லை. ஏற்றங்களும் தொட்டிகளும் நிறைந்தபிறகுதான் முதல் அரிசி கொட்டியது. இயந்திரத்தின் வயிற்றில் எப்போதும் பல மூட்டை நெல் நிற்கும். இரண்டு மூட்டையைப் போட்டால் அது உள்ளேயே காணாமல் போகும். முன்னால் போட்டவன் நெல்லும் பின்னால் போட்டவன் நெல்லும் கலந்துதான் வெளியே வரும். அது இருபத்துநாலு மணி நேரமும் மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்கிறவனுக்கான இயந்திரம். ஒரு எஞ்சினியர் இதை ஒரே பார்வையில் தெரிந்துகொள்வான். நான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அழகர்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"சார், பழசுல ஒண்ண மட்டும் ஓரமா வச்சுக்கிரவா? ரெண்டு மூட்டைக்காரவுக வந்தா ஓட்டிக் குடுத்துரலாம்ல."

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் மனத்திலோ அறிக்கை ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. முழுவதும் புதிய மில். வரைபடத்தில் ஒரு மூலையில்கூடப் பழைய இரும்பு இல்லை. அது அழகாக இருந்தது. ஒரு ஹல்லரை வைத்தால் மோட்டார், இடம், மின்சாரம் என்று ஒவ்வொரு கணக்கும் கோணிக்கொள்ளும். எங்கள் வட்டாரத்தின் முதல் முழு நவீன மில் என்ற பெயரும் போய்விடும்.

"வேண்டாம்ணே. புது மில்லுல பழைய சத்தம் எதுக்கு?" என்றேன்.

அவர் சிரித்தார். அந்த வாசகம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஊரில் போய் எல்லோரிடமும் சொன்னாராம்.

அறிக்கை மேசைக்குப் போனது. வாசிப்புத்தான் நின்றுபோயிருந்ததே தவிர, பாக்கியநாதனும் ராமசுப்புவும் தங்களுக்குப் பழக்கமான பாகத்தை ஒழுங்காகப் படித்தார்கள். இருவருமே கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். பாக்கியநாதன், இப்போது வருகிற சிறு குடும்பத்தார் நாளைக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார். அது பொருளாதாரக் கேள்வி. நான் எஞ்சினியராகப் பதில் சொன்னேன். தொடர் ஓட்டம், கொள்ளளவு, ஏற்றத்தின் வேகம், உருளையின் தேய்மானம் என்று அடுக்கினேன். எஞ்சினியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையசைத்துவிட்டார். மறுநாள் ராமசுப்பு தேநீர்க் கடையில் வைத்து, ஏற்றத்துக்குள்ளேயே ரெண்டு மூட்டை நின்னுபோகுமே தம்பி என்றார். அது எஞ்சினியர் கேள்வி. நான் பொருளாதாரக்காரனாகப் பதில் சொன்னேன். கூலி அரவையில் வருமானம் தேங்கிவிட்டது, சந்தை மொத்த வியாபாரத்துக்கு நகர்கிறது, அழகர்சாமி நெல்லைத் தானே வாங்கி அரைத்து விற்பார் என்று விளக்கினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, படிச்சவன் சொன்னா சரிதான் என்றார்.

இரண்டு பட்டம் உள்ளவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஒரு பட்டக்காரன் மாட்டிக்கொள்வான். எனக்கு ஒளிந்துகொள்ள எப்போதும் இன்னொரு வீடு இருந்தது. பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் சரி, ஆனால் கேட்டவருக்குப் போகவேண்டிய பதில் அல்ல.

மில் திறப்பு விழாவுக்கு நாதசுரம் வைத்தார் அழகர்சாமி. ஊரே திரண்டது. ஹல்லர்களை அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. முதல் வாரம் நான் அங்கேயே இருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாள் வழக்கம்போல் சம்பா நெல் கொண்டுவந்தார். இயந்திரத்தில் போட்டார்கள். அரிசி வந்தது. கையில் ஏந்தி ஊதிப் பார்த்தார்.

"அண்ணே, இது எங்க நெல்லு இல்ல. எங்க சம்பா இம்புட்டு வெள்ளையா வராது."

"மிசினு புதுசு ஆத்தா, வெளுத்துக் குடுத்துருக்கு" என்றார் அழகர்சாமி.

"வெளுக்கிறதுக்கு இதென்ன வேட்டியா? சரி, தவிடு எங்க?"

தவிடு தனியாக எண்ணெய் ஆலைக்குப் போகிறது, அதற்காகக் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப எங்க மாட்டையும் கொண்டுபோயி அந்த ஆலையிலயே கட்டிப்புடவா?"

கூட்டம் சிரித்தது. அழகர்சாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மாள் அரிசியை அளந்துகூடப் பார்க்காமல் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த அறுவடை முடிந்து நான் போனபோது வேப்பமரத்தடி காலியாக இருந்தது. சாக்கு வரிசை சாலையின் அடுத்த பக்கம், பெரியகருப்பன் என்பவரின் பழைய ஹல்லர் மில்லுக்கு முன்னால் நீண்டிருந்தது. அழகர்சாமி நெல் வாங்கி அரைத்து விற்க முயன்றுதான் பார்த்தார். எங்கே எப்போது வாங்குவது, எவ்வளவு நாள் தாங்குவது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் வேறு தொழில். அப்போது நெல்லை இங்கிருந்து அங்கே கொண்டுபோவதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. இதையும் பொருளாதாரம் படித்த நான் அறிந்திருந்தேன். "வாங்கி விக்கிறது வியாபாரி வேல சார். நான் அரைக்கிறவன்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. அடுத்த ஆண்டு இயந்திரத்தைத் தஞ்சாவூர்க்காரர்கள் விலைக்கு வாங்கிக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மில் கொட்டகை உரமூட்டை அடுக்கும் கிடங்காயிற்று. அழகர்சாமி வாடகைக்கு விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கப் போனார்.

மில் நின்ற செய்தி வந்த அன்று பாக்கியநாதன் அறைக்குப் போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சந்தை ஏமாற்றிவிட்டது என்றோ, அழகர்சாமியின் நிர்வாகம் சரியில்லை என்றோ எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "சார், அந்த மிசின்ல ரெண்டு மூட்டை ஓடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ராமசுப்புவைக் கூப்பிட்டார். அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். தொழில்நுட்பப் பாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு பொருளாதாரப் பாகத்தை ராமசுப்புவிடம் நீட்டினார். அன்று சனிக்கிழமைகூட இல்லை. மாற்றி வாசிக்க ஆரம்பித்தார்கள். செத்துப்போன மில்லின் அறிக்கையை ஒவ்வொரு வரியாக, சத்தமாக. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பாக்கியநாதன் ஏற்றங்களைப் பற்றிய பத்தியில் தடுக்கி நின்றார். எவ்வளவு நெல் உள்ளே நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது யாருடைய நெல் என்று கேட்டார். பிறகு ராமசுப்பு வாசித்தார். இன்றைய வாடிக்கையாளர்கள் என்ற பத்தியில் அவர் நின்றார். இவர்கள் கொண்டுவருவது ரெண்டு மூட்டை, இதை எப்படிய்யா போடுறது என்றார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து, ஒரே கல்லில் தடுக்கி.

கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டினார்கள்.

"வாசிப்ப நிறுத்துனது நான்" என்றார் பாக்கியநாதன். "அதுல சந்தோஷப்பட்டது நீங்க. அடுத்த சனிக்கிழமையிலேருந்து திரும்ப ஆரம்பிப்போம்."

அவ்வளவுதான் தண்டனை. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே அறிக்கையின் இரண்டு பாகத்தையும் நான் எழுதியதில்லை. ஒரு பாகம் எழுதுவேன், இன்னொன்றை வேறொருவர் எழுதுவார், மாற்றி வாசிப்போம். என் வேலைக்காலத்தின் மிக மகிழ்ச்சியான ஆண்டுகள் அவை என்று சொன்னால் நம்புவீர்களா? தடுக்கி விழுவதில் அத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. ராமசுப்புவோடு மணிக்கணக்கில் சண்டை போடுவேன். அவர் வாசிக்கும்போது வேண்டுமென்றே தடுக்குகிறார் என்றுகூடச் சில சமயம் தோன்றும். அந்தச் சண்டைகளில்தான் எவ்வளவோ பிறந்தது. கிணறுகள் நெருக்கமாக உள்ள ஊரில் பம்புசெட்டுகளை எந்த வரிசையில் ஓட்டுவது, மின்வெட்டு நாளில் ஐஸ் பாக்டரியில் எப்போது உறைய வைப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு திருப்பம், ஒரு கைதட்டல்.

அப்படி ஒரு சண்டையில்தான் மேலூருக்கும் விடை கிடைத்தது. ரப்பர் உருளை வேண்டும், ஏற்றம் வேண்டாம். ஒரே ஒரு சிறிய உருளை இயந்திரம், கையால் போடுவது, போட்டது அப்படியே கீழே வருவது. பக்கத்தில் தீட்டுவதற்கு இன்னொன்று. இரண்டு மூட்டை போட்டால் அந்த இரண்டு மூட்டையின் அரிசி; குருணையும் குறைவு; தவிட்டை மாட்டுக்காரர் எடுத்துப்போகலாம். எவ்வளவு எளிது! ராமசுப்பு ஒரு தாளில் வரைந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு மேலூருக்கு முதல் பஸ்ஸில் ஓடினேன். அழகர்சாமி தாளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லாருக்கு சார் என்றார். கொட்டகையில் உரமூட்டை கூரைவரை ஏறியிருந்தது. மறுபடியும் இறங்க அவருக்குத் தெம்பில்லை. பிள்ளைகளும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த இயந்திரத்தைத் தன் மில்லில் வைத்தது பெரியகருப்பன். அவர் மில் செழித்தது. பிறகு சுற்றுப்பட்டில் பலரும் அப்படியே வைத்தார்கள்.

மாணவர்களே, நீங்கள் கேட்ட வேலைவாய்ப்புக்கு வருகிறேன். மின்சாரத்துக்கு விலை வைக்க ஆள் வேண்டும். காற்றாலை எங்கே நிறுத்தலாம், தண்ணீரை யாருக்கு எவ்வளவு விடலாம், பஸ் எந்த வழியில் ஓடலாம், பழைய இயந்திரத்தை இன்னும் எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். வங்கியிலும் அரசாங்கத்திலும் ஆலையிலும் உங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி காத்திருக்கிறது. நாங்கள் பஸ்ஸில் போய் நின்று எண்ணியதைக் கணினி உங்களுக்கு மேசையிலேயே தரும். எனக்கு வயது மட்டும் இருந்தால் உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்காருவேன். தயங்காமல் படியுங்கள். ஆனால் எதை எழுதினாலும் அதில் பாதியை மட்டுமே அறிந்த ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். வேறு வீட்டுக்குள் ஓடிவிடாதீர்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரியகருப்பன் மில்லில் புதிய இயந்திரம் ஓட ஆரம்பித்த பருவத்தில் பார்க்கப் போயிருந்தேன். சாக்கு வரிசையில் அழகர்சாமி நின்றிருந்தார். தன் வயல் நெல், இரண்டு மூட்டை. அவர் முறை வந்தது. தன் நெல் விழுவதைப் பார்த்தார், இந்தப் பக்கம் வந்து கையை நீட்டினார், ஊதினார், நாலு மணி கடித்தார்.

"நம்ம நெல்லுதான் சார்" என்றார் என்னிடம். முகமெல்லாம் சிரிப்பு. மீசையில் மறுபடியும் உமித்தூசி.

அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் அன்று பஸ்ஸில் கேட்டதை நினைவூட்டினேன். ஒரு ஹல்லரை வைத்துக்கொள்ளவா என்று நீங்கள் கேட்டபோது, வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன்.

அவர் கையில் இருந்த அரிசியைத் திரும்பச் சாக்கில் போட்டார். அதன் வாயைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"தெரியாமச் சொல்லிட்டாருன்னுல்ல, இம்புட்டு நாளும் ஊர்ல உங்களுக்காகச் சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

மூட்டையைத் தூக்க நான் குனிந்தேன். அவர் தானே தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார்.